தாளிப்பதற்கு முன்னால் ஒரு பங்கு

2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, விருதுநகர் மாவட்டத்துக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது: ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள். இன்னொரு வேட்டை நாய்க்குத் தன் பெயரைக் கொடுத்த சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர்தான். முயல் விரட்டவும் தோட்டம் காக்கவும் வளர்ந்த இந்த நாய்களுக்குக் கரிசல்காட்டு வீடுகளில் தினமும் கறியா போட்டார்கள்? கம்பங்கூழ், கேப்பைக் கஞ்சி, மோர்ச்சோறு. வேட்டை கிடைத்த நாளில் ஒரு கறித்துண்டு. ஓநாய் வழிவந்த மிருகம் கூழைக் குடித்துவிட்டு எப்படி அவ்வளவு ஓட்டம் ஓடியது?

இதற்கான விடை 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எரிக் ஆக்செல்சனும் அவருடைய குழுவினரும் 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியை 60 நாய்களுடையதோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் விதைக்கத் தொடங்கிய பிறகு, அவன் வீட்டு வாசலில் கிடந்து தானியச் சோற்றைத் தின்று செரிக்க முடிந்த நாய்களே பெருகியிருக்கின்றன.

ஆனாலும் அந்தத் தானியம் வெந்திருக்க வேண்டும். நமக்குச் செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. நாயின் எச்சிலில் அமைலேஸ் அநேகமாகக் கிடையாது. அது மெல்லவும் மெல்லாது, விழுங்கிவிடும். வெந்நீரில் மாவுமணி உப்பி உடைந்தால்தான் கணைய நொதிக்கு வேலை எளிது. கூழைக் காய்ச்சி ஆற்றி ஊற்றிய நம் பாட்டிமார் கைப்பக்குவம் இந்த அறிவியலோடு சரியாகவே பொருந்துகிறது. லண்டனில் 1860-களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் விற்கத் தொடங்கிய உலகின் முதல் வணிக நாய் பிஸ்கட்டும் கோதுமை, காய்கறி, மாட்டுக்கறியைப் பிசைந்து சுட்டதுதான். டீக்கடையில் நாம் தெருநாய்க்கு வாங்கிப் போடும் பொறைக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், பொறையில் மைதாவைத் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை என்பதே.

வீட்டிலேயே நாய்க்குச் சமைக்கவும் பிஸ்கட் சுடவும் ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல ஆசை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் தாளிப்புதான்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனாலே ஆபத்து. 20 கிலோ நாய்க்கு அது வெறும் 100 கிராம். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவருகிறது. சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார் சோற்றை அன்போடு பிசைந்து வைக்கிற வீடுகள் எத்தனை என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

புளி அதைவிடப் புதிய செய்தி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்யும் என்பது 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. கேக் செய்முறைகளில் வரும் 'கிரீம் ஆஃப் டார்ட்டர்' உப்பைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததை அமெரிக்காவின் விலங்கு நஞ்சு உதவி மையத்து மருத்துவர்கள் கவனித்தார்கள். இரண்டுக்கும் பொதுவானது டார்டாரிக் அமிலம் என்று 2021-ல் எழுதினார்கள். அடுத்து அவர்கள் வெளியிட்ட ஆய்வில் புளி தின்று பாதிக்கப்பட்ட நாய்களும் இருந்தன. திராட்சையைவிடப் பல மடங்கு டார்டாரிக் அமிலம் புளியில் இருக்கிறது. எவ்வளவு புளி வரை பாதுகாப்பு என்று யாரும் இன்னும் அளவு வகுக்கவில்லை. ஆகவே புளிக்குழம்பு, ரசம், சாம்பார் மூன்றும் நாயின் தட்டுக்குப் போகக் கூடாது என்பதே என் கருத்து. செய்ய வேண்டியது சிறிய வேலைதான்: உப்பு, புளி, வெங்காயம் சேர்ப்பதற்கு முன் வெந்த பருப்பிலோ கறியிலோ ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடலாம்.

சாக்லேட்டும் 'சுகர் ஃப்ரீ' பண்டங்களில் சேரும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. ஈஸ்ட் போட்ட பச்சை மாவை நக்க விட்டால் அது வயிற்றுக்குள் பொங்கிச் சாராயமாகும்.

இனி பிஸ்கட். புதிதாக அரைத்த கம்பு மாவு 200 கிராம், ஒரு முட்டை, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம். உப்பும் வெல்லமும் வேண்டாம். மாவு வறண்டால் வெந்நீர் தெளித்துப் பிசைந்து, தட்டி, 40 துண்டாக வெட்டி, 160 டிகிரியில் மொறுமொறுப்பாகும் வரை சுட வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில், கேக் செய்வதுபோல, குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, காஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுச் சிறுதீயில் வைத்தாலும் ஆகும். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும் என்பதால் வேண்டிய அளவுக்கு மட்டும் அரையுங்கள். கடலைப்பொடி சேர்க்க நினைத்தால் நல்ல பருப்பாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பூசணம் பிடித்த சொத்தைக் கடலையில் இருக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலை அழிப்பது. அடுப்புச் சூட்டில் அது ஒழியாது. 'நாய்க்குத்தானே' என்று கழிவுக் கடலையை வாங்குவது கொடுமை.

ஒரு துண்டில் சுமார் 20 கலோரி. 25 கிலோ ராஜபாளையத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,250 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேட்டை நாய்க்கு விலா லேசாகத் தெரிவது அழகு. அதைப் பட்டினி என்று எண்ணித் திணிக்க வேண்டாம்.

பிஸ்கட் தின்பண்டம், சாப்பாடு வேறு கணக்கு. நாய்க்கென்று எழுதப்பட்ட 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் சோதித்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதேனும் ஓர் அத்தியாவசியச் சத்து குறைந்தது. நம் சோறும் கறியும் கொண்ட தட்டில் முதலில் குறைவது சுண்ணாம்புச்சத்து. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவும். வளரும் குட்டிக்குக் கால் வளைவது இதனால்தான். வேகவைத்து, காயவைத்து, நைசாக அரைத்த முட்டை ஓடு நல்ல மருந்து. ஒரு ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. 25 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒன்றரை கிராம் தேவை. குட்டிகளுக்கு மட்டும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவுதான். மிகுந்தாலும் எலும்பு கெடும்.

இன்னொரு வியப்பு: விருதுநகர் வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் நாயின் தோல் போதுமான வைட்டமின் டி தயாரிக்காது. அதற்கான மூலப்பொருள் அதன் தோலில் மிகக் குறைவு. சாப்பாட்டில்தான் வர வேண்டும். முட்டை மஞ்சள் கருவும், முள் நீக்கி வேகவைத்த சாளை மீனும் கைக்கெட்டும் வழிகள்.

சுட்ட பிஸ்கட்டுக்குப் பட்டாசு செய்யும் சிவகாசிச் சீமையில் இன்னொரு பயனும் உண்டு. பயந்த நாய்க்குத் தின்னக் கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபானி ரீமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது: வெடிச்சத்தம் கேட்டவுடன் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்து வந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் நாயின் பயம் குறைந்ததாகத் தெரிவித்தார்கள். பயம் ஓர் உணர்ச்சி. தின்னக் கொடுத்து அதை வளர்க்க முடியாது. சத்தத்துக்குப் பின் சுவை வரும் என்று மூளை பழகினால் சத்தத்தின் பொருளே மாறுகிறது. வெடி முதலில், பிஸ்கட் உடனே அடுத்து. இந்த வரிசை மாறக் கூடாது. சோதனை வெடிச் சத்தம் தொலைவில் கேட்கும் நாட்களிலேயே பழக்கத் தொடங்கலாம். பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் நாய் கட்டிலுக்கடியில் நடுங்கினால், அதன் பயம் தின்பண்டத்துக்கு அடங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட நாய்க்கு மருந்து உண்டு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.