போன பணம் எங்கே?

மாதம் பிறந்தால் ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புவது, வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கும் வழக்கம். மணியார்டர் அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலம் போய், 2016-இல் அறிமுகமான யு.பி.ஐ. மூலம் சில விநாடிகளில் அனுப்பிவிடுகிறோம். ஆனால் சில சமயம் நம் கணக்கில் தொகை கழிந்துவிடும். அங்கே வந்து சேர்ந்திருக்காது. நடுவில் என்னதான் நடக்கிறது?

உண்மையில் பயணம் செய்வது பணமன்று, செய்திகளே. நம் வங்கிக் கணினி, நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனின் கணினி, ஊர் வங்கியின் கணினி ஆகியவை "கழி", "கழித்தேன்", "சேர்", "சேர்த்தேன்" என்று முறைப்படி பேசிக்கொள்கின்றன. இந்தப் பேச்சு ஒழுங்கைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள். ஒரு பதில் வழியில் தொலைந்தாலும் கணக்கு தொங்கிவிடும்.

முன்கூட்டியே சோதித்துவிடலாமே என்று கேட்கலாம். பல கணினிகள் ஒரே நேரத்தில் பேசும்போது எந்தச் செய்தி முந்தும், எது பிந்தும் என்பதற்குக் கணக்கில்லை. 2008 ஜூலை 20 அன்று அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட சில செய்திகளில் ஒரே ஒரு பிட் பிறழ்ந்திருந்ததே காரணம். வாடிக்கையாளர் கோப்புகளுக்குச் சரிபார்ப்பு இருந்தது. இந்த உள் செய்திகளுக்கு இல்லை! பிழையான தகவல் கணினிக்குக் கணினி பரவிவிட்டது. பிறகு அவற்றுக்கும் சரிபார்ப்பும் கண்காணிப்பும் சேர்த்தார்கள்.

ஆகவே, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே காவல் தேவை. இதற்கு 'ரன்டைம் வெரிஃபிகேஷன்' என்று பெயர். பேச்சின் விதிகளை அறிந்த ஒரு சிறு நிரல், வரும் போகும் செய்திகளைக் கவனித்து, விதி மீறினால் உடனே மணி அடிக்கும். இத்தகைய விதிகளைத் துல்லியமாக எழுத உதவும் காலத் தர்க்கத்தை 1977-இல் கணினியியலுக்குக் கொண்டுவந்தவர் இஸ்ரேலிய அறிஞர் அமீர் ப்னுவேலி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. "கழித்த பணம் என்றாவது சேரும்" என்பது விதியானால், காவலாளி எத்தனை நாள் காத்திருந்தாலும் தவறு என்று சொல்ல முடியாது. நாளை வரலாம் அல்லவா? கெடு வைத்தால்தான் மீறலைப் பிடிக்க முடியும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் செய்தது இதுதான். ஒருவர் மற்றவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிய தொகை சேராவிட்டால், பரிமாற்றத்துக்கு மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

பணம் தொங்கினால் பதறி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டும் போய்ச் சேரக்கூடும். பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கழிந்தும் பணம் திரும்பாவிட்டால் வங்கியைக் கேளுங்கள். கெடு தெரிந்தவரே நல்ல காவலாளி.