ஃபாக்ஸ்புரோவில் சர ஒப்பீடும் பதிவுகளை நகலெடுத்தலும்

ஃபாக்ஸ்புரோ தரவுத்தள மொழியில் ஒரு நிபந்தனையைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் பதிவுகளை மட்டும் வேறொரு அட்டவணைக்கு நகலெடுக்கலாம். நிபந்தனை எழுத்துச் சரத்தைச் சார்ந்திருந்தால், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான பதிவுகள் நகலாவதும் ஒரு பதிவும் நகலாகாமல் போவதும் உண்டு. இரண்டு நிலைகளிலும் பிழைச்செய்தி தோன்றாது. இம்மொழியில் சமக்குறி சரங்களை ஒப்பிடும் முறையே இதற்குக் காரணம்.

பின்னணி

ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் மொழியின் வழிவந்தது. இதை ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. அந்நிறுவனத்தை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கடைசிப் பெரும் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9, 2004-இல் வெளியானது. அதற்கான ஆதரவு 2015-இல் முடிவுற்றது. பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலே பதிவைக் கண்டறிய உதவும் தளர்வான ஒப்பீடு டிபேஸ் மொழியிலிருந்து வந்தது. தேடுவதற்கு வசதியான இவ்வழக்கமே நகலெடுக்கும்போது சிக்கலாகிறது.

ஒப்பீடு நடைபெறும் முறை

இம்மொழியில் 'செட் எக்ஸாக்ட்' என்னும் அமைப்பு உண்டு. அதன் இயல்பிருப்பு 'ஆஃப்'. அந்நிலையில் சமக்குறி, வலப்பக்கச் சரம் முடியும் வரை மட்டுமே எழுத்து எழுத்தாக ஒப்பிடும். இடப்பக்கத்தில் அதற்கு மேல் இருப்பவற்றைப் பொருட்படுத்தாது.

ஒரு பள்ளியின் மாணவர் அட்டவணையில் 'வகுப்பு' என்பது இரண்டு எழுத்து அகலமுள்ள சரப் புலம் எனக் கொள்வோம். அதில் "1" முதல் "12" வரை மதிப்புகள் உள்ளன. வகுப்பு = "1" என்ற நிபந்தனையுடன் 'காப்பி டு' கட்டளையை இயக்கினால் 1-ஆம் வகுப்புடன் 10, 11, 12-ஆம் வகுப்புகளும் நகலாகும். இவை அனைத்தும் "1" என்றே தொடங்குகின்றன.

இதிலிருந்து வேறு இரு விளைவுகளும் தோன்றுகின்றன.

1. வலப்பக்கம் வெற்றுச் சரமானால் ஒப்பிட எழுத்தே இல்லாததால் எல்லாப் பதிவுகளும் பொருந்தும். பயனர் எதையும் தட்டச்சு செய்யாமல் விட்ட மதிப்பை 'ஆல்ட்ரிம்' செய்து ஒப்பிடும்போது முழு அட்டவணையும் நகலாவது இதனால்தான்.

2. சமமின்மைக் குறியும் இதே விதிக்கு உட்பட்டது. 1-ஆம் வகுப்பை மட்டும் விலக்க எண்ணி வகுப்பு <> "1" என எழுதினால் 10, 11, 12-ஆம் வகுப்புகளும் விலகிவிடும்.

ஒரு பதிவும் வராத நிலை

மேற்கண்ட சிக்கலுக்கு இரட்டைச் சமக்குறியை (==) இடுவது வழக்கம். அது பின்னுள்ள இடைவெளிகளையும் எழுத்தாகவே எண்ணும். ஃபாக்ஸ்புரோவின் சரப் புலங்கள் நிலையான அகலம் உடையவை. "1" என்ற மதிப்பு "1" மற்றும் ஓர் இடைவெளியாகவே சேமிக்கப்படும். எனவே வகுப்பு == "1" என்பது ஒருபோதும் மெய்யாகாது; "10" போன்ற, புலத்தை முழுதும் நிரப்பும் மதிப்புகள் மட்டும் சரியாகப் பொருந்தும். சில மதிப்புகளுக்கு மட்டும் நிரல் வேலை செய்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இடவல மாற்றமும் இதே முடிவைத் தரும். "1" = வகுப்பு என எழுதினால், இப்போது வலப்பக்கத்தில் உள்ள இடைவெளிக்கு ஈடான எழுத்து இடப்பக்கத்தில் இல்லாததால் பொருத்தம் கிடைக்காது.

தீர்வுகள்

- நகலெடுப்பதற்கு முன் 'செட் எக்ஸாக்ட் ஆன்' எனக் கொடுக்கலாம். அப்போது குறுகிய சரம் இடைவெளிகளால் நிரப்பப்பட்டுப் பின்னர் ஒப்பிடப்படும். பழைய அமைப்பை ஒரு மாறியில் சேமித்து, வேலை முடிந்ததும் மீட்டமைப்பது நல்லது.
- ஆல்ட்ரிம்(வகுப்பு) == "1" என எழுதலாம். இது 'எக்ஸாக்ட்' அமைப்பைச் சாராது. ஆனால் புலத்தின் மேல் செயற்கூறு வருவதால், அப்புலத்துக்கென உள்ள சுட்டு பயன்படாமல் பெரிய அட்டவணைகளில் வேகம் குறையும்.
- 'பேட்ஆர்' செயற்கூற்றால் தேடும் மதிப்பைப் புலத்தின் அகலத்துக்கு நிரப்பி, வகுப்பு = பேட்ஆர்("1", 2) என ஒப்பிடலாம்.

விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் 'எக்ஸாக்ட்' அமைப்பு ஒவ்வொரு தரவு அமர்வுக்கும் தனியானது. முதன்மை நிரலில் 'ஆன்' செய்திருந்தாலும், தனி அமர்வில் திறக்கும் படிவத்தில் அது மீண்டும் 'ஆஃப்' ஆகவே தொடங்கும்.

எஸ்கியூஎல் கட்டளைகள்

'செலக்ட்' கட்டளையின் வழியே நகலெடுக்கும்போது 'செட் எக்ஸாக்ட்' பயன்படாது. அங்கே 'செட் ஆன்சி' அமைப்பே சமக்குறியைக் கட்டுப்படுத்துகிறது. அது 'ஆஃப்' நிலையில் இருந்தால், எந்தப் பக்கம் குறுகியதோ அதன் நீளம் வரை மட்டுமே ஒப்பீடு நடக்கும். 'எக்ஸாக்ட்' அமைப்பை மாற்றியும் விடை மாறவில்லையெனில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

நகலுக்குப் பின் நீக்கம்

பழைய பதிவுகளை வேறு கோப்புக்கு நகலெடுத்துவிட்டு மூல அட்டவணையிலிருந்து நீக்கும் பணியில்தான் இச்சிக்கல் பேரிழப்பாகிறது. நகல் 'எக்ஸாக்ட் ஆன்' நிலையிலும் நீக்கம் 'ஆஃப்' நிலையிலும் நடந்தால், 1-ஆம் வகுப்பு மட்டும் நகலாகும்; 10, 11, 12-ஆம் வகுப்புகளுக்கும் சேர்த்து நீக்கக்குறி இடப்படும். அதுவரை 'ரீகால்' கட்டளையால் மீட்கலாம். 'பேக்' கட்டளை இயங்கிய பின் காப்பு நகல் இல்லையெனில் அப்பதிவுகளை மீட்க இம்மொழியில் கட்டளை இல்லை.

இதைத் தவிர்க்கப் பின்வரும் வரிசை உதவும்.

1. அதே நிபந்தனையுடன் 'கவுண்ட்' கட்டளையை இயக்கி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுதல்.
2. 'செட் ஃபில்டர்', 'செட் டெலீட்டட்' ஆகியவற்றின் நிலையைப் பார்த்தல். 'காப்பி டு' நடப்பு வடிகட்டிக்கு உட்பட்டது. 'டெலீட்டட் ஆஃப்' நிலையில் நீக்கக்குறி இட்ட பதிவுகளும் நகலாகும்.
3. நகலெடுத்தபின் '_டாலி' மாறியின் மதிப்பை முதல் எண்ணிக்கையுடன் ஒப்பிடுதல்.
4. புதிய அட்டவணையில் எந்தெந்த வகுப்புகள் உள்ளன எனக் கண்ணால் பார்த்தல். நிபந்தனையே தவறானால் இரு எண்ணிக்கைகளும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் இப்படி தேவை.
5. நீக்கக்குறி இட்ட பதிவுகளின் எண்ணிக்கையும் அதற்கு ஒத்திருந்தால் மட்டுமே 'பேக்' கட்டளையை இயக்குதல்.

பிற தரவுத்தளங்களில்

எஸ்கியூஎல் சர்வரில் சமக்குறி பின்னிடைவெளிகளைப் புறக்கணிக்கும். ஆனால் "1", "10" ஆகியவற்றை ஒன்றெனக் கொள்ளாது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் நிலையான அகலமுள்ள புலங்களில் பின்னிடைவெளி கணக்கில் வராது. மாறும் அகலமுள்ள புலங்களில் வரும். எனவே ஃபாக்ஸ்புரோ நிரலை வேறு தரவுத்தளத்துக்கு மாற்றும்போது, தளர்வான ஒப்பீட்டை நம்பி எழுதப்பட்ட நிபந்தனைகளைத் தனியே கண்டறிந்து திருத்த வேண்டும்.