பக்கவாதமும் முதல் நாள் பயிற்சியும்

பக்கவாத நோயாளியை எவ்வளவு சீக்கிரம் கட்டிலை விட்டு எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்பது இயன்முறை மருத்துவத்தில் நெடுநாள் நம்பிக்கை. படுத்தே கிடந்தால் தசை மெலியும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில், 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. 2015-இல் வந்த முடிவு எதிர்பாராதது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, மொத்தத்தில் அதிக நேரம் எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரே மூன்று மாதத்தில் நன்கு தேறியிருந்தனர். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்பதில்லை. வழக்கமான பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டவர்கள்தாம். பின்னர் அதே தரவுகளை அலசியதில், கட்டில் விளிம்பில் உட்காரவைப்பது, தாங்கி நிறுத்துவது போன்றவற்றைச் சிறிது நேரமாகப் பலமுறை செய்வதே பலன் தருவதாகத் தெரிந்தது. நோயாளியை எப்போது, எவ்வளவு நேரம் எழுப்பலாம் என்பதை வீட்டார் தாமாக முடிவுசெய்யாமல் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.