டீசல் என்ஜின் ஏற்றிய வண்டியில் பிரேக் கல்லாகிறதா?

'பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் ஏற்றி, பின்பக்கம் தொட்டி கட்டி, பூஸ்டரும் வைத்து ஓட்டுகிறேன். கொல்லிமலையிலிருந்து வாழைத்தார், பலா ஏற்றிக்கொண்டு இறங்கும்போது முதல் இரண்டு வளைவு வரை பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அதன்பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடுகிறது. பூஸ்டரைப் புதிதாக மாற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?' என்று கேட்டிருக்கிறார் சேந்தமங்கலம் பகுதி வாசகர் ஒருவர்.

காரவள்ளியிலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது வளைவிலேயே பிரேக் கல்லானால் மீதி 68 வளைவுகளுக்கும் டிரைவரின் கால் பலம்தான் துணை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். (பெரிய லாரி, ரிக் வண்டிகளில் இருப்பது ஏர் பிரேக். அது வேறு கதை.)

பூஸ்டர் என்பது நடுவில் ரப்பர் தடுப்பு உள்ள ஒரு தகர டப்பா. தடுப்பின் ஒரு பக்கம் காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். அந்தத் தள்ளுதான் நம் காலுக்குக் கிடைக்கும் உதவி. பெட்ரோல் என்ஜினில் இந்த உறிஞ்சல் சும்மாவே கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று போகும் வழி அடைபட்டு, என்ஜினே இழுக்கும். டீசல் என்ஜினில் பொதுவாக அந்த அடைப்பு கிடையாது. அதனால்தான் டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கிறது. என்ஜின் மாற்றும் பட்டறையில் இதை மறந்து, பெட்ரோல் வண்டி போலவே ஹோஸைக் காற்றுக் குழாயில் சொருகி அனுப்புவது உண்டு. பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மலிவாக மாட்டிவிடுவதும் நடக்கிறது.

வாசகரின் வண்டியில் பம்ப் இருக்கும், ஆனால் சோர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. பூஸ்டருக்குள் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் சேமிப்பு. அது தீர்ந்ததும் பம்ப் உடனே நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாவிட்டால் அவர் சொல்வது போலத்தான் ஆகும். பூஸ்டரை மாற்றிக் காசு போனதுதான் மிச்சம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானே கீழே இறங்கினால் உதவி வருகிறது. இறங்காவிட்டால் வேக்கம் வரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. எது என்பதை வேக்கம் கேஜ் சொல்லிவிடும். ஹோஸைக் கழற்றி கேஜ் மாட்டினால், நல்ல பம்ப் சமவெளியில் பாதரச அளவில் 600 மி.மீ.க்கு மேல் காட்டும். எவ்வளவு சீக்கிரம் அங்கே போகிறது என்பதும் முக்கியம். முள் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் பம்ப் பலவீனம். மலை மேல் காற்றழுத்தமே சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் அங்கே கேஜும் குறைவாகத்தான் காட்டும், பூஸ்டரின் தள்ளும் குறையும்.

பம்பை மாற்றும் முன் பெல்ட் தொளதொளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் நழுவினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். பம்புக்கு என்ஜின் ஆயில் வந்து, தடையின்றி சம்புக்குத் திரும்ப வேண்டும். ஆயில் வராத பம்பின் தகடுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். பம்ப் சுற்றும் திசையும் சரியாக இருக்க வேண்டும். ஹோஸ், வேக்கத்துக்கென்றே உள்ள தடித்த ரப்பராக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். சூடானதும் உள்ளே சப்பிப்போய் வழி அடைக்கும். பூஸ்டர் வாயில் உள்ள ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். ஹோஸுக்குள் ஆயில் கசிந்திருந்தால் பூஸ்டரின் ரப்பர் கெடும். புது பூஸ்டரும் தப்பாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் லோடுக்குப் போதவில்லை என்றால்தான் பெரிய பூஸ்டர் பற்றி யோசிக்கலாம். 7 அங்குலத்திலிருந்து 9 அங்குலத்துக்குப் போனால் தள்ளும் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். பலர் மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக மாற்றிவிடுகிறார்கள்; அது நேர் எதிரான வேலை. துளை பெரிதானால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும். லைனிங் கண்ணாடி போல் பளபளத்தாலோ, ஆயில் பட்டிருந்தாலோ எந்தப் பூஸ்டரும் காப்பாற்றாது. பெடல் கல்லாகாமல் பஞ்சு போல் அமுங்கினால் அது பைப்பில் காற்று ஏறிய கோளாறு.

பம்ப் சரியாகும் வரை மலை லோடு வேண்டாம். சரியான பிறகும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம். என்ஜின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் 'பெட்ரோல்' என்றே இருந்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது சிக்கலாகும்.