கடலே இல்லாத பாலக்காடு, இடுக்கிக்கும் கடலரிப்புக்கும் என்ன தொடர்பு?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும், பருவமழைக் காலத்தில் கேரளக் கடலோர வீடுகளைக் கடல் விழுங்குவதற்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு, மணல்.

ஆனைமலையில் தோன்றும் பாரதப்புழை, பாலக்காடு வழியாக ஓடிப் பொன்னானியில் அரபிக் கடலில் கலக்கிறது. இடுக்கி வழியே வரும் பெரியாற்றின் ஒரு கிளை, கொச்சிக்கு வடக்கே முனம்பம் அருகே கடலை அடைகிறது. மலைப்பாறைகள் தேய்ந்து உண்டாகும் மணலை வெள்ளம் முகத்துவாரம் வரை கொண்டு சேர்க்கிறது. அதன்பின் அதைக் கரை நெடுகப் பரப்புவது அலைகளின் வேலை.

அலைகள் பெரும்பாலும் கரையைச் சாய்வாகவே தாக்குகின்றன. சாய்வாக ஏறும் நீர், மணலையும் அதே போக்கில் மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராகக் கீழிறங்குகிறது. எனவே, ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் முன்பிருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளியே வந்து விழுகிறது. ரம்பத்தின் பற்களைப் போன்ற பாதை அது. இதனுடன், அலை உடையும் பகுதியில் கரைக்கு இணையாக உருவாகும் நீரோட்டம் பெருமளவு மணலைச் சுமந்து செல்கிறது. பார்வைக்கு அசையாத கடற்கரை, உண்மையில் பக்கவாட்டில் ஓடும் மணல் ஆறு.

அதைத் தடுத்தால் நேர்வதற்குச் சென்னையே சான்று. தமிழகக் கடலோரத்தில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பப்பட்டதும், தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பகுதிகளில் மணல் வரத்தின்றிக் கரை அரிக்கப்பட்டது. மெரினாவின் அகலத்தை வியப்போரில் பலர், ராயபுரம் இழந்த கரையை அறிவதில்லை.

கேரளத்தில் மணல் நகரும் திசை பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுகிறது. அங்கு மூலவரத்தே ஒரு சிக்கல். 1955இல் திறக்கப்பட்ட மலம்புழா, 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி போன்ற அணைகள் நீரைத் திறந்துவிடும். மணலோ நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடும். எஞ்சியதைக் கட்டுமானத்துக்காக அள்ளினர். ஆற்று மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தக் கேரளம் 2001இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

கடலரிப்புக்குப் பெயர்பெற்ற, கொச்சிக்குத் தெற்கேயுள்ள செல்லானத்தில் இப்போது டெட்ராபாட் எனப்படும் கான்கிரீட் கட்டைகளால் தடுப்பு அமைக்கப்பட்டுள்ளது. அது அலையின் வேகத்தைத் தணிக்கும், மணலைக் கொண்டுவராது. அத்தடுப்பு எட்டாத அண்டைப் பகுதியான கண்ணமாலியின் மக்கள், தங்கள் கரைக்கும் அதை நீட்டிக்கக் கோரிப் போராடினர்.