தாத்தாவின் பழைய சைக்கிள் எந்த ஆண்டைச் சேர்ந்தது? பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பத்து காஜா பக்கம் ஒலிபெருக்கி கட்டிய லோரி வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'பேப்பர் லாமா, பெசி புரோக்' என்று ஒரே ராகத்தில் கூவிக்கொண்டே தாமான் முழுக்கச் சுற்றும். வீட்டுக்குப் பின்னால், பழைய தகரத்துக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் தாத்தாவின் சைக்கிள் அன்றைக்குத்தான் யார் கண்ணிலாவது படும். 'சும்மாதானே கிடக்குது, தூக்கிப் போட்டிடலாமே' என்று ஒருவர் சொல்வார். இரும்பு விலைக்கு எடை போட்டால், மூன்று நான்கு பேர் நாசி லெமாக் சாப்பிடும் காசு கைக்கு வரும்.

சரி, நீங்கள் குறுக்கே விழுந்து அதைக் காப்பாற்றி விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆபத்து நீங்கள்தான். ஹார்ட்வேர் கடையில் ஒரு மணல் தாள், இரண்டு கறுப்பு ஸ்பிரே டப்பா வாங்கி வந்து, ஒரே நாளில் 'புதுசு மாதிரி' ஆக்கி விடுவீர்கள். அந்த சைக்கிள் எங்கே செய்யப்பட்டது, எப்போது வந்தது, யார் எதற்காக ஓட்டினார்கள் என்பதையெல்லாம் சொல்லும் தடயங்கள் அந்த மணல் தாளோடு போய்விடும்.

அதனால் முதலில் சைக்கிளைப் படிப்போம். கழுவுவதும் துடைப்பதும் அப்புறம்.

தோட்டத்தில் இந்த சைக்கிளுக்கு என்ன வேலை?

கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் ஈயம், இன்னொரு பக்கம் ரப்பர். ஈயத்தின் கதைக்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற வழியில் நிற்கும் டிடி5 ஈயக் கப்பலை ஸ்கூல் டிரிப்பில் பார்த்திருப்பீர்கள். 1938-ல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய, சுமார் 4,500 டன் எடையுள்ள இயந்திரம் அது. ரப்பர் பக்கம் பார்க்கப் போனால், துரையின் மாளிகைக்கு கெல்லிஸ் காசல் என்று டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். பால் வெட்டியவர்கள் ஓட்டிய சைக்கிளுக்கு யாரும் போர்டு வைக்கவில்லை.

விடியுமுன் பெரட்டுக்குப் போகவும், வெட்டுக்காட்டுக்குப் போகவும், வாளியைக் கேரியரில் கட்டி வரவும், சம்பள நாளில் பட்டணத்துக்குப் போய் அரிசி, புளி வாங்கவும் அந்த ஒரே வண்டிதான். கிராணிக்கும் தோட்டத்துப் பள்ளி வாத்தியாருக்கும் அது ஒரு அந்தஸ்து வேறு.

1950-களின் பிற்பாதியில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கினார்கள். அந்த நெருக்கடியில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் காலியாகின. அப்படி ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. சைக்கிளை மட்டும் யாரும் சுமக்க வேண்டியதில்லை, அதுவே உருண்டு வந்துவிடும். உங்கள் வீட்டில் இருப்பது அப்படி வந்ததாக இருக்கலாம்.

தொடுவதற்கு முன் போன் கேமரா

ஈரத்துணி கூடப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் முழுசாகப் படம் எடுங்கள். பிறகு கிட்டப் போய், முன் கழுத்தில் இருக்கும் பேட்ஜ், சீட் குழாய் மேல் முனையில் பொறித்த எண், இரண்டு சக்கரங்களின் நடுப்பாகம், செயின் சக்கரம், சீட் தோல், பெல், விளக்கு, மட்கார்டு என்று ஒவ்வொன்றாக எடுங்கள்.

முன் கழுத்திலோ மட்கார்டிலோ சின்னத் தகடு ஏதாவது ஆணியிலோ கம்பியிலோ தொங்குகிறதா? விட்டுடாதீங்க. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் லைசன்ஸ் உண்டு. நகர வாரியத்துக்குப் பணம் கட்டித் தகடு வாங்க வேண்டும். ஆண்டும் ஊரும் அதில் இருந்தால், 'இந்த வண்டி அந்த வருஷம் அந்த ஊரில் ஓடியது' என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெயர் அழிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் ஸ்டிக்கர் போயிருக்கும். பேட்ஜைக்கூட யாராவது கழற்றியிருப்பார்கள். ஆனால் பெடல் பக்கத்தில் இருக்கும் செயின் சக்கரத்தை யாரும் திருடுவதில்லை. அதன் நடுவில் வெட்டியிருக்கும் உருவத்தைப் பாருங்கள்.

கொக்குத் தலை மாதிரி, நீண்ட அலகோடு தெரிந்தால் அது ராலே. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்தது. விரித்த கை தெரிந்தால் ரட்ஜ். ஆட்கள் கைகோத்து ஓடுகிற மாதிரி இருந்தால் ஹம்பர். ஹம்பருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. முன் ஃபோர்க்கில் ஒவ்வொரு பக்கமும் ஒற்றைக் குழாய்க்குப் பதில் இரட்டைக் குழாய் வரும். தூரத்திலிருந்தே தெரியும்.

இந்த மூன்றும் வேறு வேறு கம்பெனி என்று நினைத்தால் பாதிதான் சரி. ராலே 1932-ல் ஹம்பரையும் 1943-ல் ரட்ஜையும் வாங்கிவிட்டது. 1960-ல் பர்மிங்காம் பெயர்களான ஹெர்குலிஸ், பிலிப்ஸ் எல்லாமே ராலேயோடு ஒரே குடைக்குள் வந்தன. அதனால் பேட்ஜ் ஒன்று, உள்ளே இருக்கும் பாகம் வேறொன்று என்று இருந்தால் உடனே 'போலி' என்று முடிவு கட்ட வேண்டாம்.

எல்லாமே இங்கிலாந்து வண்டியும் இல்லை. போருக்கு முன்பே மலாயாவில் விலை மலிவான ஜப்பான் சைக்கிள்கள் ஏராளமாக இறக்குமதி ஆகியிருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை சைக்கிளில் இறங்கி வந்தபோது, வழியில் ஊருக்கு ஊர் உதிரி பாகம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கம்பார் சண்டைக்குப் போகும் வழியெல்லாம் ஊர் மக்களின் சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் சீனாவின் ஃபீனிக்ஸ், ஃபாரெவர் வந்தன. அவையும் இங்கிலாந்து வண்டியைப் பார்த்துச் செய்தவைதான், சட்டென்று வித்தியாசம் தெரியாது.

'மேட் இன் இந்தியா' என்று எங்காவது இருந்தால், அது கதையை இன்னும் சுவாரசியமாக்கும். சென்னை அம்பத்தூரில் முருகப்பா குடும்பமும் பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், இதே ஹெர்குலிஸ் பெயரில் வண்டி செய்தது.

ஸ்போக்ஸ் கம்பியையும் எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்பது ஆங்கிலேயர் வழக்கம், இந்தியாவும் அதையே பின்பற்றியது. இரண்டிலும் 36 என்றால் வண்டி வேறு நாட்டுடையது, அல்லது பிற்காலத்தில் ரிம் மாற்றியிருக்கிறார்கள்.

பின் சக்கரத்தின் நடுவில் ஒரு பிறந்த தேதி

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் வண்டி மூன்று கியர் வண்டி என்றால், பின் சக்கரத்தின் நடு உருளையில் எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்று பொறித்திருக்கும். அதன் அருகில் ஏடபிள்யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், கூடவே எண்கள். 54, 6 என்று இருந்தால் 1954 ஜூன். அவ்வளவுதான், ரகசியம் ஒன்றுமில்லை! ஏடபிள்யூ வகை 1936-ல் வந்தது, அதனால் அந்த எழுத்து இருந்தால் வண்டி அதற்கு முந்தையது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் அது உருளை செய்த தேதி. அது சக்கரமாகி, வண்டியாகி, கப்பலேறி, ஈப்போ கடைக்கு வந்து சேர மாதக் கணக்கில் ஆகியிருக்கும். நடுவில் யாராவது பின் சக்கரத்தையே மாற்றியிருக்கவும் கூடும். தகட்டில் 1952, உருளையில் 1958 என்று இருந்தால், சக்கரம் மாறியிருக்கிறது. அதுவும் வண்டியின் கதைதான்.

தோட்டத்து வண்டிகள் பல கியர் இல்லாதவை. அவற்றுக்கு இந்த வசதி கிடையாது. சீட் குழாயில் உள்ள எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் சுற்றுகின்றன. ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகாது. அதை மட்டும் நம்பி பேஸ்புக்கில் '1938 ராலே' என்று போட்டுவிடாதீர்கள். 'ஐம்பதுகள்' என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

கழற்றும்போது கை வைக்கக் கூடாத இடங்கள்

பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருப்பது காட்டர் பின் என்ற சின்ன ஆப்பு. நிறைய வண்டிகள் சாவது இங்கேதான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பின் வளையும், உள்ளே இருக்கும் பால்ஸ் உட்காரும் கிண்ணத்தில் பள்ளம் விழும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். தண்டுக்குக் கீழே கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டை முழுசாகக் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக வைத்து, ஒரே ஒரு நேரான அடி. வரவில்லையா? வயசான சைக்கிள் கடைக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கொண்டு போங்கள். இது கௌரவம் பார்க்கும் இடம் இல்லை.

ராலே வண்டியில் அச்சுக் கிண்ணத்தின் மரையும் கழுத்து மரையும் தனி. மற்றவர்கள் ஓர் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது ராலே 26 வைத்தது. கடையில் கிடைக்கும் புதுக் கிண்ணத்தை அழுத்தித் திருகினால் ஏறுவது போல் தெரியும், ஆனால் ஃபிரேமின் மரையே போய்விடும். பழைய கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ஸும் கிரீஸும் போட்டாலே பெரும்பாலும் போதும்.

டயர் வாங்கும்போது '28' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயரில் வேறு அளவுகளும் உண்டு. தோட்டத்துப் பெரிய வண்டிகளுக்கு வேண்டியது 28க்கு ஒன்றரை. டயர் பக்கவாட்டில் 635 என்று அச்சிட்டிருக்கும். இன்றைய ரோடு சைக்கிளின் 622 டயர் இதில் உட்காரவே உட்காராது.

துருவுக்கு மணல் தாள் வேண்டாம். குரோம் பூசிய ஹேண்டிலையும் ரிம்மையும், தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைச் சுருட்டி மெதுவாகத் தேய்த்தால் போதும். பெயிண்ட் பகுதியில் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் மிச்சமிருக்கும் தங்கநிற எழுத்துகள் துணியோடு வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்த்து வரும் தூசி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் விளையாட்டு இல்லை.

தோல் சீட்டைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறப் போடாதீர்கள். தொட்டில் மாதிரித் தொங்கிவிடும். தோலுக்கான மெழுகை லேசாகத் தடவி, சில வாரங்கள் பொறுமையாக விடுங்கள்.

அப்போ, பெயிண்ட் அடிக்கலாமா கூடாதா?

உங்கள் வண்டி, உங்கள் முடிவு. சைக்கிள் பிரியர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. கடையிலிருந்து வந்த நாளில் இருந்தது போல் ஆக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இருக்கிறபடியே நிறுத்தி, ஓடும்படி மட்டும் செய்தால் போதும் என்பது இன்னொன்று. ஃபிரேமைத் துரு ஓட்டை போட்டிருந்தால் பேச்சே இல்லை, வெல்டிங்கும் பெயிண்டும் வேண்டும்தான்.

மற்றபடி என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. வாளி உரசி உரசிப் பெயிண்ட் போன இடம், பாரம் தாங்க வேண்டும் என்று உள்ளூர்ப் பட்டறையில் கேரியருக்குக் கீழே வைத்து ஒட்டிய கம்பி, ஒரே பக்கம் தேய்ந்த பெடல். இவற்றை நாட்டிங்காமில் செய்யவில்லை, தோட்டத்தில் செய்தார்கள். கடைப் பளபளப்பு உள்ள ராலே உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும். பால்வாளி உரசிய ராலே உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எடுத்த படங்களைப் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ காட்டி, 'இந்தக் கம்பி எதுக்கு?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட மறந்துடாதீங்க.

எல்லாம் முடிந்து ஏறி உட்காருவதற்கு முன் இரண்டு விஷயம். மூன்று கியர் வண்டியில் உருளையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, லேசான மெஷின் எண்ணெய் சில சொட்டு விடுங்கள், சமையல் எண்ணெய் வேண்டாம். கியர் கம்பியைச் சரியாக இழுத்துக் கட்டவில்லை என்றால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பிடிப்பே இல்லாமல் பெடல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் நேராக ஹேண்டில் மேல் விழுவீர்கள். அடுத்தது பிரேக். கம்பியால் இழுக்கும் அந்தப் பழைய பிரேக், இரும்பு ரிம் நனைந்திருந்தால் கிட்டத்தட்ட பிடிக்காது. மழையில் மேட்டிலிருந்து இறங்க நேர்ந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள்.