சொல்லத் தயங்கும் வலி

காலில் முள் தைத்தால் உடனே மருந்தகத்தை நாடுகின்றோம். மறைவிடத்தில் வலி கண்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. மணமாகாத இளைஞராயின் கேட்கவே வேண்டாம். தாயிடமும் சொல்லாது, தோழரிடமும் சொல்லாது, மாதக் கணக்கில் மனத்துக்குள் மருகுவார். புராஸ்டேட் சுரப்பியைச் சார்ந்த நாட்பட்ட வலி நோய் இத்தகையதே.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. விந்து நீரின் ஒரு பகுதியை இதுவே சுரக்கின்றது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலோ, அடிவயிற்றிலோ, ஆண்குறியிலோ வலி; விந்து வெளிப்படும்போது வலி; அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்ச்சி; கழித்த பின்னும் முழுதும் கழியாதது போன்ற எண்ணம் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாம். இவை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட நோய் என்பர்.

"புராஸ்டேட் தொல்லை முதியோருக்கன்றோ வரும்?" எனப் பலர் கேட்பர். முதியோருக்குச் சுரப்பி பெருத்து வரும் தொல்லை வேறு, இது வேறு. நம் நாட்டில், பினாங்கில் 20 முதல் 50 வயது வரையுள்ள 3,147 ஆடவரிடம் நடத்திய ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 275 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு, இவ்வறிகுறிகள் காணப்பட்டன. 2001இல் வெளியான கனடா நாட்டு ஆய்விலும், 50 வயதுக்கு மேற்பட்டோரைவிட அதற்குக் குறைந்த வயதினரிடமே இவை மிகுதியாக இருந்தன. அறிகுறியுள்ளோர் அனைவரும் நோயாளிகள் என்பது இதன் பொருளன்று. ஆயினும், இவ்வலியுடைய இளைஞர் தாம் தனியர் அல்லர் என்பதை உணரலாம்.

இளமையில் செய்த தவற்றின் தண்டனை இது என்று தம்மையே நொந்துகொள்வோர் உளர். அந்த அச்சத்தையே முதலாக வைத்து, லேகியமும் மாத்திரையும் விற்போரும் உளர். உழைத்துப் பெற்ற கூலியை அவர்களிடம் இழத்தல் வேண்டா. பெரும்பாலோருக்கு இந்நோய் கிருமியால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று, புற்றுநோயுமன்று. இடுப்படித் தசைகளின் இறுக்கமும், நரம்புகளின் மிகை உணர்ச்சியும், மனக் கவலையும் இவ்வலியை வளர்க்கக்கூடும். மறைக்க மறைக்கக் கவலை பெருகும். கவலை பெருகப் பெருக வலியும் மிகும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? மருத்துவரிடம் செல்லுதல். பலர் முன்னிலையில் கூற நாணுவோர், "ஐயா, தங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றாலே போதும். சிறுநீர்ச் சோதனையால் கிருமி உண்டா, இல்லையா என்பது தெரியவரும். கிருமி இருப்பின், கொடுத்த மருந்தை முடியும்வரை உட்கொள்ளல் வேண்டும். இல்லையெனில், சிறுநீர் எளிதிற் கழிய உதவும் மருந்துகளும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சிகளும் உள்ளன. வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் இடுப்பளவு அமர்ந்திருத்தலும் வலியைத் தணிக்கும். குணமடையச் சில மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலோ ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நலம். மகன் காரணம் கூறாது சோர்ந்திருந்தால், அவனைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளாமல், அன்போடு விசாரியுங்கள். வலியைச் சொல்வது மானக்கேடன்று; குணமடைவதற்கு அதுவே முதற்படி.